ஒரு சாண் மண்: மன்னார் வறள்நிலப் புற்றரைகளில் ஊட்டப்பொருள்களும் ஆழமும்

மடு என்னும் சொல் தமிழில் ஆழமான நீர்நிலையையும் பள்ளத்தையும் குறிக்கும். பசுவின் மடியையும் மடு என வழங்குவதுண்டு. மன்னார்ப் பெருநிலப்பரப்பிலுள்ள மடு என்ற ஊரை நாட்டு மக்கள் அங்குள்ள தேவாலயத்தைக் கொண்டே அறிவர். ஆவணித் திருவிழாவுக்கு வருவோர் கூடாரமடித்துத் தங்கும் காலத்தில் அவ்வூர்த் தரை சோளகக் காற்றில் உலர்ந்து, புல் கருகி, மண் இறுகிக் கிடக்கும். அத்தரையைக் காண்பவர் அதனைப் பயனற்ற வெறுநிலமென்று எண்ணுவது இயல்பு. ஆயின், ஐப்பசி மழை தொடங்கிய சில நாட்களில் அதே தரை பச்சையாகின்றது. மாடுகள் பால் கறக்கின்றன. ஆழத்தையும் பாலையும் ஒரே சொல்லாற் சுட்டும் மொழிவழக்கு தற்செயலானதாகலாம். ஆனால், புற்றரையின் வளத்திற்கும் மண்ணின் ஆழத்திற்குமிடையே உள்ள தொடர்பு தற்செயலானதன்று. அத்தொடர்பே இக்கட்டுரையின் பொருள்.

வறண்ட புல்நிலங்களில் ஊட்டப்பொருள்கள் ஆழத்தோடு எவ்வாறு மாறுகின்றன, ஏன் அவ்வாறு மாறுகின்றன, அம்மாற்றம் மேய்ச்சலை நம்பி வாழ்வோருக்கு எத்தகைய முக்கியத்துவம் உடையது என்னும் மூன்று வினாக்களை நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம். இலக்கிய ஆய்வாளர் மண்ணியலினுள் நுழைவதற்கு ஒரு நியாயம் உண்டு. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டு மனித ஒழுக்கத்தை வகுத்த இலக்கணம் நம்முடையது. பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974 இல் வெளியிட்ட திணைக்கோட்பாடு பற்றிய ஆய்வு, திணைப் பாகுபாட்டின் அடியில் உற்பத்தி வளர்ச்சியின் சமனின்மை இருப்பதை எடுத்துக்காட்டியது. முல்லையும் மருதமும் வேறுபட்ட உற்பத்தி நிலைகள் என்றால், அவ்வேறுபாட்டிற்கு மண்ணிலுள்ள அடிப்படை யாது என்று கேட்பது அவ்வாய்வின் தொடர்ச்சியேயாகும்.

1. நிலமும் பொழுதும்

மன்னார் இலங்கையின் மிக வறண்ட பகுதிகளுள் ஒன்று. ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 1,000 மில்லிமீற்றர். அதன் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் திசெம்பர் வரையுள்ள மூன்று மாதங்களிற் பெய்துவிடும். சித்திரையில் ஓரளவு மழை கிடைக்கும். பின்னர், வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் வீசும். தரையிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஆகவே இங்கு மண் ஆண்டின் ஒரு பகுதியில் மேலிருந்து கீழ்நோக்கி நனைகிறது. எஞ்சிய பெரும்பகுதியில் கீழிருந்து மேல்நோக்கி உலர்கிறது. இவ்விரு திசைகளையும் மனத்திற் கொள்ளாமல் இந்நிலத்தை விளங்கிக்கொள்ள இயலாது.

இங்குள்ள புற்றரைகள் பரந்த புல்வெளிகளாக அமைந்தவையல்ல. பாலையும் வீரையும் நிற்கும் உலர்காட்டின் இடைவெளிகள், முட்புதர்களுக்கிடையே அமைந்த தரைகள், குளங்களின் நீரேந்து பரப்பில் நீர் வற்றும்போது வெளிப்படும் புல்நிலங்கள், அறுவடைக்குப் பின் மாடுகளுக்குத் திறந்துவிடப்படும் வயல்கள், கடலோரத்தில் உவர்நிலத்தை அண்டிய புற்பரப்புகள் என இவை சிதறிக் கிடக்கின்றன. வங்காலையை அண்டிய பரப்பு 2008 இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டு, 2010 இல் றம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. வறள்நில மேய்ச்சற்றரையும் கடலோரப் புல்நிலமும் முட்புதரும் உவர்ச்சேறும் அங்கு ஒன்றையொன்று அடுத்துக் கிடக்கின்றன. மன்னார்ப் புற்றரைகளின் வேறுபாடுகளைச் சில மைல் தூரத்தினுள் காண விரும்புவோர் அங்கு காணலாம்.

2. கீழிறக்கும் நீரும் மேலேற்றும் வேரும்

மண்ணை வெட்டிப் பார்த்தால் அதில் நிறத்தாலும் இறுக்கத்தாலும் வேறுபட்ட படைகள் தெரியும். இப்படைகளைத் தொகுத்து நோக்கி, மண் என்பது பாறையின் தூள் மாத்திரமன்று, காலநிலையும் பாறையும் தரைத்தோற்றமும் உயிரினங்களும் காலமும் சேர்ந்து உருவாக்கிய தனியொரு இயற்கைப் பொருள் என நிறுவியவர் உருசிய அறிஞர் தொக்குச்சாயேவ். உருசியப் புல்வெளிகளின் கரிய மண் பற்றிய அவரது நூல் 1883 இல் வெளிவந்தது. மண்ணியல் என்னும் தனித்துறை ஒரு புல்நிலத்தைக் கொண்டு தொடங்கியது என்பதை நாம் நினைவிற் கொள்ளலாம்.

ஊட்டப்பொருள்களின் ஆழவேறுபாட்டைத் தீர்மானிக்கும் செயல்கள் நான்கு. பாறை சிதைந்து கனிப்பொருள்களை விடுவிப்பது ஒன்று. காற்றும் மழையும் தூசியையும் கடலுப்பையும் கொண்டுவந்து இடுவது மற்றொன்று. மழைநீர் கரையக்கூடியவற்றைக் கரைத்துக் கீழே இழுத்துச் செல்வது மூன்றாவது. தாவரம் கீழிருந்து உறிஞ்சி, இலையாகவும் தண்டாகவும் வேராகவும் ஆக்கி, அவை உக்கும்போது மேற்படையிலே திருப்பி வைப்பது நான்காவது. முதலிரண்டும் பொருளைக் கொண்டுவருகின்றன. பின்னிரண்டும் அதனை ஆழத்தில் பங்கிடுகின்றன. மண்ணின் ஆழ ஒழுங்கு, கீழிறக்கும் நீருக்கும் மேலேற்றும் வேருக்கும் இடையே இடைவிடாது நடக்கும் முரண்பாட்டின் விளைவு.

புல்லின் வேர் இம்முரண்பாட்டில் தனியிடம் பெறுகிறது. மரம் தன் கழிவைப் பெரும்பாலும் இலையாகத் தரையின் மேல் உதிர்க்கும். புல்லோ தன் உடலின் பெரும்பகுதியை மண்ணுள் வேராக வைத்திருந்து, மண்ணுள்ளேயே உக்கிப்போகும். இடைவெப்பப் புல்நிலங்களில் வேர்த்திணிவின் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு முதல் 30 சென்ரிமீற்றரினுள் அடங்குகிறது. பாலைநிலங்களில் ஏறத்தாழ அரைப்பங்கே அவ்வாழத்தினுள் உள்ளது. உக்கற் காபனின் பகிர்விலும் இவ்வேறுபாடு தெரிகிறது. முதல் ஒரு மீற்றரிலுள்ள காபனில் மேல் 20 சென்ரிமீற்றரினுள் இருக்கும் பங்கு உலகச் சராசரியிற் காடுகளுக்கு 50 வீதம், புல்நிலங்களுக்கு 42 வீதம், புதர்நிலங்களுக்கு 33 வீதம். நைதரசன் பெரும்பாலும் உக்கலோடு பிணைந்தே இருப்பதால், காபனின் வழியையே அதுவும் பின்பற்றுகிறது. மன்னார் போன்ற வெப்பநிலங்களில் மழை கிடைத்ததும் உக்கல் விரைந்து சிதைந்துவிடும். ஆகவே உருசியக் கரிமண்ணிற் காணும் தடித்த உக்கற்படையை இங்கு எதிர்பார்க்கக்கூடாது. இங்கு அது மெல்லியது. ஆண்டுதோறும் புதிதாக ஆக்கப்பட வேண்டியது.

3. ஒழுங்கும் அதன் சான்றும்

எசுத்தெபன் ஜோபாகி, ரொபேட் ஜாக்சன் என்னும் ஆய்வாளர் இருவர் உலகின் பல பகுதிகளிலிருந்து பெறப்பட்ட பதினாயிரத்துக்கு மேற்பட்ட மண் வெட்டுமுகங்களின் தரவுகளை ஒப்பிட்டு, 2001 இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். மேற்படையில் மிகுதியாகச் செறிந்திருப்பதிலிருந்து ஆழத்தில் மிகுதியாக இருப்பது வரை அவர்கள் கண்ட வரிசை இது: பொசுபரசு, பொற்றாசியம், கல்சியம், மகனீசியம், இறுதியில் சோடியம், குளோரைட்டு, சல்பேற்று மூன்றும் ஒரு நிலையில்.

இவ்வரிசையை நீரின் செயலால் மாத்திரம் விளக்க முடியுமா என்று பார்ப்போம். களித்துணிக்கைகளின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றமுடையது. நேர்மின்னேற்றமுடைய அயன்களை அது பற்றிவைக்கும். இரட்டையேற்றமுடைய கல்சியத்தையும் மகனீசியத்தையும் அது இறுகப் பற்றும். ஒற்றையேற்றமுடைய பொற்றாசியத்தையும் சோடியத்தையும் அத்துணை இறுகப் பற்றாது. ஆகவே, நீர் ஒன்றே ஒழுங்கைத் தீர்மானிப்பதாயின், பொற்றாசியம் கல்சியத்திலும் மகனீசியத்திலும் ஆழமாகச் சென்றிருக்க வேண்டும். உண்மையில் அது அவற்றுக்கு மேலே இருக்கிறது. இதற்கு விளக்கம் தாவரத்தினிடமே உள்ளது. தாவரத்திற்குப் பொற்றாசியம் பெருமளவில் வேண்டும். பெரும்பாலான தாவரங்களுக்குச் சோடியம் வேண்டியதில்லை. வேர் வேண்டியதைத் தேர்ந்து மேலேற்றுகிறது. வேண்டாததை நீரின் போக்குக்கு விட்டுவிடுகிறது. மேலேறிய பொற்றாசியத்தை இலையிலிருந்து மழை கழுவி மேற்படையில் விடும். மீண்டும் வேர் அதனைப் பற்றும். கீழே போக வேண்டிய ஒன்று மேலே நிற்பதே உயிரின் உழைப்புக்குச் சான்றாகின்றது.

பொசுபரசின் நிலை சற்று வேறானது. அது நீரோடு எளிதிற் செல்வதில்லை. செம்மண்ணில் இரும்பு, அலுமினிய ஒட்சைட்டுகளோடும், சுண்ணமண்ணிற் கல்சியத்தோடும் பிணைந்து அசையாது கிடக்கும். எனவே, நீர் அதனை இழுப்பதும் குறைவு, கிடைப்பதும் அரிது. அணுவணுவாக வேர் சேர்த்ததே மேற்படையில் உள்ளது. அதனால் அது வரிசையின் தலையில் நிற்கிறது.

அவ்வாய்வின் மற்றொரு முடிவு நமக்கு இன்னும் முக்கியமானது. சோடியம் நீங்கலாக, எந்த ஊட்டப்பொருளும் ஒரு மண்ணில் எவ்வளவுக்கு அரிதாக உள்ளதோ அவ்வளவுக்கு அது மேற்படையிற் செறிந்திருந்தது. வளமான மண்ணுக்கு ஆழத்திலும் இருப்பு உண்டு. வறிய மண்ணின் செல்வம் முழுவதும் மேலேயே கிடக்கிறது. இருபது சென்ரிமீற்றரை நம் மக்கள் ஒரு சாண் என்பர். ஒரு சாண் வயிற்றுக்காக எண்சாண் உடம்பு உழைப்பதாகச் சொல்வது நம் வழக்கு. வறள்நிலப் புற்றரையைப் பொறுத்தவரை, அவ்வயிறு நிரம்புவதும் ஒரு சாண் மண்ணினாலேயே.

கல்சியத்தின் இடம் மழையை அறிவிப்பது. மழை மிகுந்த நாட்டில் நீர் மண்ணை ஊடறுத்துச் சென்று சுண்ணத்தை வெளியேற்றிவிடும். வறண்ட நாட்டில் நீர் ஓரளவு ஆழத்துக்குச் சென்று நின்றுவிடும், பின் உலரும். நீர் நின்ற ஆழத்திற் கல்சியம் காபனேற்றாகப் படிந்து வெண்கட்டிகளாகின்றது. மழை குறையக் குறைய அப்படை மேல்நோக்கி வரும். அதனினும் கரையத்தக்க சோடியமும் குளோரைட்டும் அதற்குக் கீழே சென்று தங்கும். ஆக, வறள்நில வெட்டுமுகத்தில் மேலே உயிர் சேர்த்தவை, நடுவே சுண்ணம், கீழே உப்பு என்னும் பொது அமைப்பொன்று உருவாகிறது.

4. மன்னாரின் மண்களில் இவ்வொழுங்கு

பொது அமைப்பு எங்கும் ஒரே வகையில் வெளிப்படுவதில்லை. இலங்கை மண்களை மூர்மன், பானபொக்கே ஆகியோர் 1961 இல் புதுமுறையில் வகைப்படுத்தினர். அவ்வகைப்பாட்டில் இடம்பெறும் மண்கள் பல மன்னார் மாவட்டத்தினுள் அடுத்தடுத்துக் காணப்படுகின்றன. கரையோரத்தின் அடியில் மயோசீன் காலச் சுண்ணக்கல் உள்ளது. கிழக்கே செல்லச் செல்லப் பளிங்குருவான தொல்பாறைகள் வருகின்றன. இந்த அடித்தளமும் தரையின் உயர்வு தாழ்வும் மண்ணை வேறுபடுத்துகின்றன.

உள்நாட்டுக் காட்டுப் பகுதிகளிற் பரவலாக உள்ளது செங்கபில மண். மழைக்காலத்தில் இளகி, கோடையிற் கல்லென இறுகும் இயல்புடையது. மேன்மண்ணின் அடியிற் பல இடங்களிற் பருக்கைக் கற்கள் செறிந்த படையொன்று குறுக்கிடுகிறது. புல்லின் வேர் அதனை ஊடுருவுவது கடினம். பாலையும் வீரையும் போன்ற மரங்களின் வேர்கள் வெடிப்புகளினூடாகக் கீழே செல்லும். அவை ஆழத்திலிருந்து எடுப்பவற்றை இலையுதிர்வின் வழியே தம் நிழலிற் சேர்க்கின்றன. அதனாற் புற்றரையிலே தனித்து நிற்கும் மரத்தின் அடிமண் அயலிலும் வளமாக இருப்பது உலகின் வறண்ட புல்நிலங்கள் பலவற்றில் அறியப்பட்டதொன்று. கறையான்களும் இப்பணியிற் பங்குகொள்கின்றன. புற்றெழுப்ப அவை கீழ்மண்ணின் களியை மேலே கொண்டுவருகின்றன. அதனோடு கல்சியம் முதலியனவும் வருகின்றன.

முருங்கனை அண்டிய கரிய களிமண் வேறு இயல்புடையது. நனைந்தால் வீங்கும்; உலர்ந்தால் ஆழமாக வெடிக்கும். கோடையில் மேன்மண்ணின் துகள்களும் புற்சருகும் சாணமும் அவ்வெடிப்புகளினுள் விழுகின்றன. மழை வந்ததும் மண் வீங்கி அவற்றை மூடிக்கொள்கிறது. உள்ளே இடம் போதாமையாற் கீழ்மண் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. இம்மண் தன்னைத் தானே விழுங்கித் தன்னைத் தானே உழுகிறது. அதனால் மேலுக்கும் கீழுக்குமான வேறுபாடு இங்கு மங்கிவிடுகிறது; சுண்ணக் கட்டிகளும் மேலே வந்து தோன்றும். கட்டுக்கரைக் குளத்தின் கீழ் நெல் விளையும் வயல்களின் வலிமை இக்களியோடு தொடர்புடையது. அருவியாற்று நீரைத் தேக்கத்தில் மறித்துக் கட்டுக்கரைக்குக் கொண்டுவந்த பழைய நீர்ப்பாசனம், இம்மண்ணின் வலிமையை மனிதர் பயன்படுத்த வழிசெய்தது.

மேற்கே கரையோரத்திற் செம்மஞ்சள் மணற்செம்மண் உண்டு. அது மிக ஆழமானது. படை வேறுபாடு தெரியாத ஒருசீரான மண். ஆனால் ஆழம் வேறு, வளம் வேறு. நீரை விரைந்து கீழே விட்டுவிடும் அம்மண்ணில் ஊட்டப்பொருள்களைப் பற்றி வைக்கும் களி குறைவு. அதனுடைய வளத்தில் உக்கல் வகிக்கும் பங்கு பெரிது; உக்கலோ மேற்படையிலேயே உள்ளது. தீவின் கடற்கரை மணலில் இந்நிலை இன்னும் கடுமையானது. சிப்பித் துகள்களாற் கல்சியத்துக்குக் குறைவில்லை, ஏனையவற்றுக்குக் குறைவு. இராவணன் மீசைப் புல் தன் நீண்ட தண்டுகளாலும் வேர்களாலும் மணலைப் பிடித்துவைத்த பின்னரே அங்கு வேறு புல் தலையெடுக்க முடியும்.

கடலோரத் தாழ்நிலங்களிலோ ஒழுங்கு தலைகீழாகிறது. அங்கு உவர் நிலத்தடிநீர் தரைக்கு அண்மையில் உள்ளது. கோடையில் மேற்பரப்பு உலர, மயிர்த்துளைத் தன்மையினால் அந்நீர் மேலேறி ஆவியாகும். உப்பு தரையிலே பொரிந்து வெண்மையாகப் படியும். வரிசையின் அடியில் இருக்க வேண்டிய சோடியமும் குளோரைட்டும் தலைக்கு வந்துவிடுகின்றன. சோடியம் மிகுந்தால் களித்துணிக்கைகள் சிதறி, மண்ணின் துளைகள் அடைபட்டு, நீர் உட்புக முடியாத இறுக்கம் தோன்றும். மேலேற்றும் செயல் இரண்டு உண்டென்பதை இங்கு காண்கிறோம். வேர் மேலேற்றினால் தரை புல்லாகிறது. வெயில் மேலேற்றினால் தரை உவராகிறது. புல்லை அழித்துத் தரையை வெறுமையாக்கினால், முதலாவது செயலுக்குரிய இடத்தை இரண்டாவது கைப்பற்றிக்கொள்ளும்.

5. மாடும் பட்டியும்

இதுவரை மேலும் கீழுமான இயக்கத்தையே பார்த்தோம். மேய்ச்சல் ஒரு பக்கவாட்டு இயக்கத்தையும் சேர்க்கிறது. மாடு பகல் முழுவதும் பரந்த தரையிலே மேய்ந்து, இரவிலே பட்டியில் அடைபடுகிறது. புல்லின் வழியே பல ஏக்கர்களின் மேற்படையிலிருந்து திரட்டப்பட்ட பொசுபரசும் பொற்றாசியமும் நைதரசனும் சாணமாகவும் சலமாகவும் பட்டியிற் குவிகின்றன. அறுவடை முடிந்த வயலிலே பட்டி அடைக்கும் வழக்கம் இவ்வியக்கத்தை அறிந்து பயன்படுத்தியது. முல்லையின் மேற்படையை மருதத்துக்கு எடுத்துச் செல்லும் வண்டி மாடுதான். காலபோகத்தில் வயல்களில் நெல் நிற்கும்போது மாடுகள் காட்டுத் தரைகளுக்குச் சென்றன. அறுவடைக்குப் பின் வயலுக்கு வந்து தாளை மேய்ந்து எருவை விட்டன. ஒருவர் மாடும் ஒருவர் வயலும் ஒன்றையொன்று வேண்டிநின்ற ஏற்பாடு அது.

இவ்வேற்பாட்டை முரண்பாடற்ற பொற்காலமாகக் காட்டுவது நம் நோக்கமன்று. மாட்டின் உடைமையாளர் ஒருவர், மேய்ப்பவர் மற்றொருவர், வயலுக்குரியவர் வேறொருவர் என்ற பிரிவு அதனுள்ளேயே இருந்தது. எருவின் பயன் எல்லோருக்கும் ஒப்பாகக் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத் தோட்டங்களுக்கு வன்னிக் காடுகளிலிருந்து குழை வண்டி வண்டியாகச் சென்றதையும் இங்கு நினைக்க வேண்டும். தோட்ட மண்ணிலே தாழ்க்கப்பட்ட அக்குழை, வன்னியின் மரவேர்கள் ஆழத்திலிருந்து எடுத்த ஊட்டமேயாகும். சந்தைக்கான பயிர் வளர, ஒரு நிலத்தின் ஆழம் இன்னொரு நிலத்தின் மேற்படையாக மாற்றப்பட்டது. திரும்பி வந்தது எதுவுமில்லை.

இத்தகைய ஒருவழிப் போக்கை உலகளவிற் கண்டறிந்தவர்களுள் மார்க்ஸ் முதன்மையானவர். செருமானிய இரசாயனவியலாளர் லீபிக்கின் எழுத்துக்களை ஊன்றிப் படித்த அவர், 1867 இல் வெளிவந்த மூலதனம் முதற்பாகத்தில், முதலாளித்துவ உற்பத்தி மனிதனுக்கும் மண்ணுக்குமிடையிலான பொருட்பரிமாற்றத்தைக் குலைப்பதை விளக்கினார். உணவாகவும் உடையாகவும் நகருக்குச் சென்ற மண்ணின் கூறுகள் மீண்டும் மண்ணுக்கு வருவதில்லை என்பதே அவரது வாதத்தின் சாரம். இங்கிலாந்து தன் வயல்களின் இழப்பை ஈடுசெய்ய அக்காலத்திற் பெருவின் சிஞ்சாத் தீவுகளிலிருந்து கடற்பறவை எச்சத்தைக் கப்பல் கப்பலாக இறக்குமதி செய்தது. வேறொரு நாட்டின் கடலும் பறவையும் நெடுங்காலமாகச் சேர்த்த பொசுபரசு சில பத்தாண்டுகளிற் கரைந்து போயிற்று.

6. தரிசு என்னும் சொல்

மேற்கூறியவற்றின் ஒளியில், நம் நிலப் பதிவுகளிற் பழகிப்போன ஒரு சொல்லை மீள நோக்க வேண்டும். பிரித்தானிய ஆட்சி 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினால், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலங்கள், மறுதலை நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியவையென ஊகிக்கப்படும் என்று விதித்தது. 1897 ஆம் ஆண்டின் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் அதனை மேலும் இறுக்கியது. மலைநாட்டிற் பெருந்தோட்டங்களுக்கு நிலம் திரட்டவே இவை பெரிதும் பயன்பட்டன எனினும், இவற்றின் பின்னாலிருந்த கருத்து நாடெங்கும் நிலைத்தது. உழுத நிலமே உழைப்பேறிய நிலம், மேய்ந்த நிலம் வெறுநிலம் என்பதே அக்கருத்து. கலப்பை தொட்டதற்கு உறுதி உண்டு. மாடு மேய்ந்ததற்கு உறுதி இல்லை. புல்லும் மரமும் கறையானும் மாடும் மேய்ப்பவரும் தலைமுறைகளாகச் சேர்த்த ஒரு சாண் செல்வம் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை.

அதன் விளைவுகள் இன்றும் தொடர்கின்றன. போர் முடிந்த 2009 க்குப் பின் ஊர் திரும்பிய வன்னி மக்கள், தாம் இடம்பெயர்ந்திருந்த ஆண்டுகளிற் புதர் மண்டிய காணிகளும் மேய்ச்சற்றரைகளும் வனமென எல்லையிடப்பட்டதாக முறையிட்டு வந்துள்ளனர். காலபோகம் தொடங்கும்போது மாடுகளை எங்கே கொண்டுசெல்வது என்னும் வினா மேய்ப்போரையும் பயிர்செய்வோரையும் எதிரெதிரே நிறுத்துகிறது. பட்டியாலும் எருவாலும் இணைந்திருந்த இரு உற்பத்திகள் இன்று வேலியின் இருபுறத்திலும் நிற்கின்றன.

ஆழம் பற்றிய அறிவு இங்கு நேரடியாகப் பயன்படுகிறது. புற்றரையை வயலாக்கப் பொறியினால் மட்டம் செய்யும்போது மேடுகளிலிருந்து முதலில் வழிக்கப்படுவது அந்த ஒரு சாண் மண்ணே. பின்னர் எஞ்சுவது பருக்கைக்கல்லும் சுண்ணமுமான கீழ்மண். அதில் விளைவைக் காண்பதற்குப் பையிலே வரும் பசளை இன்றியமையாததாகிவிடும். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே ஆணையால் தடைசெய்யப்பட்டபோது நாட்டின் விவசாயிகள் பட்ட துன்பத்தையும், அவ்வாண்டு நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டதையும் நாம் அறிவோம். மண்ணின் மேற்படையை அழிய விட்டுப் பசளையிலே சார்ந்திருக்கச் செய்த பின்னர், பசளையை மாத்திரம் நிறுத்துவது மண்ணைக் காப்பதாகாது. மேற்படை ஆணையினால் உருவாவதன்று. வேராலும் எருவாலும் ஆண்டுக்கணக்கில் உருவாவது.

மண்ணை மூலப்பொருளாக எடுத்துச் செல்லும் தொழில்களுக்கும் இது பொருந்தும். 1950 இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு முருங்கன் களி அகழ்ந்து அனுப்பப்பட்டது; 1990 இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. மன்னார்த் தீவின் மணலில் உள்ள இல்மனைற்றை அகழும் முயற்சிகளுக்கு எதிராகத் தீவு மக்கள் அண்மைக்காலம் வரை, 2025 இலும், போராடினர். அகழ்ந்த மணலைப் பிரித்தெடுத்த பின் மீண்டும் குழியில் நிரப்பலாம் என்று இத்தகைய தொழில்களின் சார்பாகச் சொல்லப்படுவதுண்டு. அளவைத் திருப்பலாம், ஒழுங்கைத் திருப்ப முடியாது. மேலிருந்தது கீழாகவும் கீழிருந்தது மேலாகவும் கலந்த மணலிற் புல் தன் பணியை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அநுராதபுர மாவட்டத்தின் எப்பாவலையில் 1971 இல் கண்டறியப்பட்ட பொசுபேற்றுப் படிவு மறுபக்கத்தைக் காட்டுகிறது. அது புல் சேர்த்த செல்வமன்று. பாறையிலே கிடக்கும் பேரிருப்பு. அதனை அந்நிய நிறுவனமொன்றின் பங்குடன் குறுகிய காலத்தில் அகழ்ந்தெடுக்கும் திட்டத்துக்கு எதிராக அப்பகுதி மக்கள் தொடுத்த வழக்கில், 2000 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் மக்கள் சார்பாகத் தீர்ப்பளித்தது. இயற்கை வளம் இன்றைய தலைமுறையின் தனிச்சொத்தன்று, வருங்காலத்துக்கும் உரியது என்னும் நோக்கு அத்தீர்ப்பில் இடம்பெற்றது. பாறையின் பொசுபரசுக்குப் பொருந்தும் இந்நோக்கு, புற்றரையின் மேற்படையிலுள்ள பொசுபரசுக்குப் பொருந்தாமற் போக நியாயமில்லை.

முடிவுரை

இயற்கையின் ஒழுங்கை அப்படியே சமுதாயத்தின் ஒழுங்காகக் கொள்வது பொறிமுறை நோக்காகும். அதனை நாம் ஏற்பதில்லை. மண்ணின் படைகள் வர்க்கங்களல்ல. எனினும், நாம் கண்டவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. வறள்நிலப் புற்றரையின் வளம் இயற்கை ஒருமுறை கொடுத்துவிட்ட கொடையன்று. நீரின் கீழிழுப்புக்கு எதிராக உயிர் இடைவிடாது ஆக்கிவரும் ஆக்கம். மண் எவ்வளவுக்கு வறியதோ அவ்வளவுக்கு அதன் வளம் மேற்படையில் ஒதுங்கியிருக்கும். அதனால், வளமான நிலத்தைக் காட்டிலும் வறிய நிலமே மேற்படையின் இழப்பினால் மீளாத் துன்பம் அடையும். ஆகவே, புற்றரையை வெறுநிலமென்று கணிக்கும் சட்டமும் திட்டமும் உண்மைக்கு நேர்மாறானவை.

மழை பொய்த்த காலத்தில் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் பாலையாகும் என்னும் கருத்தைச் சிலப்பதிகாரத்திற் காண்கிறோம். பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. அது பிற நிலங்கள் அடையும் நிலை. பழந்தமிழர் வெயிலைக் காரணமாகக் கண்டனர். இன்று நாம் வெயிலோடு வேறு காரணங்களையும் காண்கிறோம். ஒரு சாண் மண்ணை யார் எடுக்கிறார்கள், யார் திருப்பி வைக்கிறார்கள் என்னும் வினாவுக்குக் கிடைக்கும் விடையிலேயே மடுவைச் சூழ்ந்த தரை முல்லையாக நிலைக்குமா, பாலையாகத் திரியுமா என்பது தங்கியுள்ளது. மேய்ச்சற்றரைக்குச் சட்டபூர்வமான எல்லையும், அதன் மேல் மேய்ப்போருக்குக் கூட்டுரிமையும் வேண்டுமென்னும் கோரிக்கை மாட்டுக்காரரின் தனிக் கோரிக்கையன்று. அது இந்நிலத்தின் வளத்தை ஆக்குவோர், அதனை ஆக்கும் உரிமையைக் கேட்பதாகும்.